பித்தளை நட்சத்திரமும் மண்குண்டும்

வன்னிப் பெருநிலப்பரப்பில் ஆசிரியத் தொழில் புரிவோர்க்கென்றே ஓர் அச்சம் உண்டு. மாணவன் ஒருவன் காற்சட்டைப் பையினுள் கையை விட்டு, "சேர், இது என்னெண்டு பாருங்கோ" என்று ஏதேனும் உலோகப் பொருளை எடுத்து நீட்டுவானாயின், விடை கூறுமுன் நமது நெஞ்சு ஒரு கணம் நின்று பின் ஓடும். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. நிலத்தினுள் புதைந்து கிடந்தவை அன்றோடு முடிந்துவிடவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளைப் பார்த்து எழுத்துக் கூட்டப் பழகிய பிள்ளைகளை நாம் கற்பித்திருக்கிறோம். தெரியாத பொருளைத் தொடாதே என்பது அவர்களுக்கு அரிச்சுவடிக்கும் முந்திய பாடம்.

சில ஆண்டுகளுக்கு முன், முல்லைத்தீவுக் கரையோரத்துப் பாடசாலையொன்றில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அவ்வாறு நீட்டிய பொருள் நான்கு கைகள் விரிந்த நட்சத்திரம் போன்ற பித்தளைத் தகடு. நடுவில் உருக்கு அச்சொன்று. தகட்டின் ஓரத்தோடு ஒட்டியபடி நீண்ட பித்தளைப் பாதம். நட்சத்திரத்தின் மூலைகளில் கறையான் தின்று மிஞ்சிய மரத்தூள். அவனுடைய தந்தையார் பழைய இரும்பு வாங்கி விற்பவர். போருக்குப் பின்னர் வன்னியில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில் அது; வயலும் கடலும் கைக்குத் திரும்பு முன்னே, சிதைந்த வாகனங்களின் இரும்பே முதல் அறுவடையாய் இருந்தது.

"வெடிக்குமோ, சேர்?"

"வெடிக்காது, தம்பி. ஆனால் என்னவென்று எங்களுக்கும் தெரியாது."

தையல் இயந்திரத்தின் உறுப்போ, கிராமபோனின் அடிப்பாகமோ என்று நாம் எண்ணினோம். பௌதிகவியல் ஆசிரியரும் அதற்கு மேல் செல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் நாம் கற்றது தமிழ். திமில் என்ற சொல் சங்கப் பாட்டில் எங்கெங்கே வருகிறது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். ஈற்றில், கொழும்பில் பழம்பொருள் சேர்க்கும் நண்பர் ஒருவருக்குக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினோம். மறுநாட் காலையே விடை வந்தது. அது ஆங்கிலேயரின் தூண்டிற் சக்கரத்தின் முதுகு. மரத்தாலான சக்கரம் வெடித்துப் பிளவாதிருக்கப் பின்புறம் பதிக்கும் பித்தளை நட்சத்திரம்.

தூண்டிற் சக்கரம் என்பது யாது? நூற்கட்டையொன்றை நடுவே ஓர் அச்சில் மாட்டி, அவ்வச்சை ஒரு தட்டில் பொருத்தி, தட்டைத் தூண்டிற் கோலின் அடியில் இறுக்கிவிட்டால் அதுவே அது. பற்சக்கரம் எதுவும் இல்லை. கை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு சுற்று நூல் ஏறும். மீன் இழுத்தால் கட்டை தானே சுழன்று நூலை விடும். அவ்வோட்டத்தை அடக்குவது பிடிப்பவனின் பெருவிரல். இத்துணை எளிய கருவியாதலின் அதன் பிறப்பும் பழையது. சீனத்துத் தென்சோங் அரசவை ஓவியர் மா யுவான் 1195ஆம் ஆண்டளவில் தீட்டிய ஓவியத்தில், குளிர்கால ஏரியில் தனித்த படகொன்றில் குனிந்திருக்கும் மனிதனின் கோலில் சிறு சக்கரம் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இங்கிலாந்தில் அதைப் பற்றிய அச்சுக் குறிப்பு 1651இல், தோமஸ் பார்க்கர் எழுதிய தூண்டிற்கலை நூலில்தான் முதன்முதல் காணப்படுகிறது.

எனினும் நமது கையிலிருந்த சக்கரம் பிறந்த ஊர் நொட்டிங்ஹாம். அவ்வூரின் பெயரை வரலாற்று மாணவர் வேறொரு காரணத்துக்காக அறிவர். காலுறை பின்னும் பொறிகளை 1811இல் தொழிலாளர் உடைக்கத் தொடங்கிய வட்டாரம் அது. ரேந்தையும் காலுறையும் செய்த ஊரில், நூல் சுற்றும் கட்டைகளைக் கடைந்த கடைசற் பட்டறைகளிலிருந்தே தூண்டிற் சக்கரமும் வந்தது என்று சொல்லப்படுவதுண்டு. கைத்தொழிற் புரட்சியின் நூற்கட்டைக்கும் கனவான்களின் ஓய்வுநேரச் சக்கரத்துக்கும் உள்ள இந்த உறவை அவ்வூரோடு நிறுத்திவிட இயலாது. சுழலாத கட்டையிலிருந்து நூல் தானே உருவி ஓடும் பிற்காலத்துச் சக்கரத்துக்கு 1905இல் உரிமை பெற்ற இல்லிங்வேர்த் என்பவரும் பிரட்போர்ட் நகரின் நெசவுத்துறையைச் சேர்ந்தவரே. பகலில் ஆலையில் சுழன்ற தத்துவம் மாலையில் ஆற்றங்கரையில் சுழன்றது. பகலில் அதனோடு நின்றவரும் மாலையில் அதனோடு நின்றவரும் ஒரே வகுப்பினர் அல்லர் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இச்சக்கரங்களைச் சேர்ப்போர் இன்றும் உலகெங்கும் உளர். ஏலங்களில் பெருந்தொகை கொடுத்து வாங்குகின்றனர். அவர்களுடைய பற்றில் செல்வரின் பொழுதுபோக்கு கலந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அவர்கள் ஒரு பொருளின் வயதைக் காணும் முறையில் கற்கத்தக்கது நிறைய உண்டு. நம் வரலாற்று வகுப்புகளில் அரசர் பட்டியலை நெட்டுருப் பண்ணுவதைக் காட்டிலும் மேலான பயிற்சி அது.

முதலில் பொருள்: வாதுமை மரமும் பித்தளையும் முன்னே, எபனைற்று என்னும் கடின இறப்பர் அதன் பின்னே, அலுமினியக் கலப்பு அதற்கும் பின்னே, பேக்லைற்று 20ஆம் நூற்றாண்டில். அடுத்தது பொறிமுறை. நெவார்க்கு ஊரைச் சேர்ந்த டேவிட் ஸ்லேற்றர் 1883இல், கட்டையை அச்சிலிருந்து ஒரு சிறு நெம்பினால் கழற்றும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். ஆகவே அந்நெம்பு உள்ள சக்கரம் எதுவும் 1883க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. அல்ன்விக் ஊரின் ஹார்டி சகோதரர் குண்டுப் போதிகை வைத்த தம் 'பேர்பெக்ற்' சக்கரத்தை 1891இல் விற்பனைக்கு விட்டனர். நொட்டிங்ஹாமைச் சேர்ந்த ஹென்றி கொக்சன் எண்ணிக் கண்ட, கம்பி ஆரங்கள் பூட்டிய, காற்றுப்போல் இலேசான 'ஏரியல்' சக்கரம் 1896இல் தோன்றியது. அதைச் செய்து விற்ற ஓல்கொக் கொம்பனி இருந்த ரெடிச், தையல் ஊசியும் தூண்டில் முள்ளும் செய்து பேரரசின் கடலோரங்களுக்கெல்லாம் அனுப்பிய ஊர்.

எண்களும் சான்று கூறும். பிரித்தானிய ஆக்கவுரிமை எண்கள் 1915 வரை ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்கின; 1916 முதல் 100,001இலிருந்து தொடர்ச்சியாக ஓடுகின்றன. ஆகவே சக்கரத்தில் ஆறிலக்க எண் பொறித்திருந்தால் அதன் காலம் எப்பக்கம் என்பது ஒரு பார்வையில் விளங்கும். வடிவப் பதிவெண்கள் 1884இல் தொடங்கின. நாட்டின் பெயரைப் பொறிக்கும் வழக்கம் வலுப்பெற்றது, இறக்குமதிப் பொருள்களில் பிறந்த நாட்டைக் குறிக்க வேண்டுமென்ற அமெரிக்கச் சுங்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்த பின்னர். வாணிகப் போட்டியில் பிறந்த விதிகள் இவை. வரலாற்றாசிரியனுக்கு உதவும் எண்ணம் அவற்றை இயற்றியவர்களுக்கு இருந்திராது.

நமது நட்சத்திரத்தின் பாதத்தைப் புளியும் சாம்பலும் இட்டு மாணவர் துலக்கினர். பாதி தேய்ந்த எழுத்துகள் வெளிப்பட்டன: 'ஆமி அன்ட் நேவி', அதன் பின்னே 'சி. எஸ். எல்.' இலண்டனில் 1871இல் தரைப்படை, கடற்படை அதிகாரிகள் கூடித் தமக்கும் தம் குடும்பத்துக்கும் மலிவாகப் பொருள் வாங்க அமைத்த கூட்டுறவுச் சங்கத்தின் பெயர் அது. கூட்டுறவு என்ற சொல்லைக் கேட்டதும் நெசவுத் தொழிலாளர் 1844இல் றொச்டேலில் திறந்த சிறு கடையை நினைக்கும் நம் போன்றோர்க்கு, அதே சொல்லைப் பேரரசின் அதிகாரிகளும் எடுத்து அணிந்துகொண்டனர் என்பது சுவையான செய்தி. இச்சங்கம் 1891இல் பம்பாயிலும் 1901இல் கல்கத்தாவிலும் கிளை திறந்தது. 1934இல் 'கூட்டுறவுச் சங்கம்' என்ற பகுதியை நீக்கித் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. எனவே நமது சக்கரம் 1871க்குப் பின், 1934க்கு முன். ஸ்லேற்றரின் நெம்புக்கான துளை அதில் இருந்தமையால் கீழெல்லை 1883க்கு ஏறிற்று. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், பெயர் தெரியாத ஒரு தகட்டை ஐம்பத்தோராண்டு இடைவெளிக்குள் நிறுத்திவிட்டனர். அன்று வகுப்பில் எழுந்த ஆரவாரத்தை அடுத்த வகுப்பு ஆசிரியர் குறைகூறினார். நாம் அதைப் பொருட்படுத்தவில்லை.

யார் அதை முல்லைத்தீவுக்குக் கொண்டுவந்தார்? கச்சேரி அதிகாரியா, நில அளவையாளரா, குளம் திருத்த வந்த எந்திரியா? ஊகம் பல, சான்று இல்லை. ஆனால் அவர் எவ்வுலகைச் சேர்ந்தவர் என்பதைச் சொல்லலாம். சென்னை மாகாண சிவில் சேவையைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தோமஸ், இந்தியாவில் தூண்டிற் கோல் பற்றி 1873இலும் குளங்களில் தூண்டிலிடுவது பற்றி 1887இலும் நூல்கள் எழுதினார். இலங்கையில், சிவில் சேவையைச் சேர்ந்த லெ மெசூரியர் 1880களில் நுவரெலியாவின் ஓடைகளில் ஐரோப்பாவின் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார். 1896இல் சிலோன் பிஷிங் கிளப் தோன்றியது. தேயிலை மலைகளில் தமிழ்த் தொழிலாளர் லயன் அறைகளில் அடைந்து கிடந்த காலத்தில், மலையோடைகளில் மீனுக்குச் சீமை இனம் வந்து சேர்ந்தது.

தோமஸ் வெறும் வேடிக்கைக்காரர் அல்லர். நன்னீர் மீன்வளம் அழிவதைக் கண்டு கவன்றவர். சிறுகண் வலையையும் பொறிக்கூடையையும் நஞ்சிடலையும் கண்டித்து அரசுக்கு எழுதியவர். 1897இன் இந்திய மீன்பிடிச் சட்டம் வெடிமருந்தையும் நஞ்சையும் தடைசெய்தது. தடை நியாயமானதே. இன்றைக்கு முல்லைத்தீவு மீனவரே வெளிச்சம் பாய்ச்சி மீன்பிடித்தலையும் தங்கூசி வலையையும் தடுக்கும்படி கேட்கின்றனர். 2018 ஓகஸ்டில் அதற்காகவே தெருவில் இறங்கினர். நமது மனத்தை உறுத்துவது வேறு. அக்காலத்துப் பதிவுகளில் சக்கரம் கலையாகவும் வலை குற்றமாகவும் இடம்பெறுகின்றன. கோல் பிடித்தவர் நூலாசிரியர். வலை பிடித்தவர் வழக்கின் எதிரி. ஒருவருடைய கருவிக்கு எண்ணும் முத்திரையும் பெயரும் உண்டு. மற்றவருடைய கருவியைப் பறிமுதல் செய்தபோது மட்டுமே எழுதினர்.

இதை வகுப்பில் இவ்வாறு விளக்கமாகச் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமிருக்கவில்லை. நட்சத்திரத்தைக் கொண்டுவந்த மாணவனே கேட்டான்: "அப்ப எங்கட வலைக்கு எத்தினை வயசு, சேர்?"

அந்தக் கேள்விக்கு விடை தேடி நாம் ஏட்டுப் பக்கம் சென்றோம், பழக்கம் அவ்வாறு. வன்னிக்கு வந்த குடிகளையும் வன்னியர்களையும் வையாபாடல் பேசுகிறது. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேடு குளங்களையும் காடுகளையும் விரித்துரைக்கிறது. சி. எஸ். நவரத்தினம் 1960இல் வன்னியும் வன்னியரும் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். வலையின் வயதைக் காண இவை நமக்கு உதவவில்லை. உதவியது ஊர்ப்பெயர் ஒன்று. வலைஞர்மடம் என்று கரையோரத்தில் ஒரு சிற்றூர் இருக்கிறது. வலையால் வாழ்வோர் தங்கிய இடம் என்று பெயரே சொல்கிறது. வலைஞர் என்பது நெய்தல் நிலத்து மாந்தர்க்கு இலக்கியம் இட்ட பெயர்களுள் ஒன்று. 2009இன் முதல் மாதங்களில் செய்தியறிக்கைகளில் அவ்வூர்ப் பெயர் நாள்தோறும் வந்தது, முற்றிலும் வேறு காரணத்துக்காக.

பிள்ளைகளை வீடுகளுக்கு அனுப்பினோம். பழைய மீன்பிடிப் பொருள் எதுவாயினும் கொண்டுவருக என்றோம். வந்தவை மிகச் சில. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனது ஒரு முறை. 2009இல் கைவிட்டு ஓடியது இன்னொரு முறை. செட்டிகுளத்து முகாம்களுக்கு ஒருவரும் வலையைத் தூக்கிச் செல்லவில்லை. வந்தவற்றுள் மூங்கிலில் செதுக்கிய வலையூசி ஒன்றும், வவுனிக்குளப் பக்கத்து உறவினரிடம் பெற்ற அத்தாங்கு ஒன்றும் இருந்தன. சோடாப் போத்தலில் தங்கூசி சுற்றிய தூண்டில் ஒன்றையும் ஒரு பையன் கொண்டுவந்து, "இதுவும் றீல்தான், சேர்" என்று வாதிட்டான். வாதம் பிழையன்று. நடு அச்சு இல்லையேயொழியத் தத்துவம் ஒன்றே. யப்பான் மீன் என்று இங்குள்ளோர் அழைக்கும் திலாப்பியா 1950களின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டுக் குளங்களில் பெருகியது. ஆகவே அது பிடிக்கும் குளத்துத் தூண்டிலுக்கு மட்டும் ஒரு மேலெல்லை கீழெல்லை வகுக்க நமக்கு வாய்த்தது.

நமக்குப் பெரும்பாடம் தந்தவர் நந்திக்கடற் களப்போரத்தில் இருக்கும் ஆச்சி ஒருவர். எழுபது கடந்தவர். சிறுமியாயிருந்த நாள்முதல் வலை பின்னுபவர்.

"வலைக்கு வயசு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது, தம்பி? நூலுக்கு வயசு சொல்லுறன்" என்று தொடங்கினார்.

அவருடைய சிறுவயதில் நூல் பருத்தி. பருத்தி வலை உப்பு நீரில் விரைவில் உக்கிவிடும். அதனால் காட்டில் பனிச்சங்காய் பொறுக்கி வந்து, இடித்து ஊறவைத்து, அச்சாற்றில் வலையைத் தோய்த்துக் காயவிட வேண்டும். துவர் ஏறிய வலை கறுத்து உறுதிப்படும். சில நாள்களுக்கு ஒருமுறை அவ்வாறு செய்யாவிடில் வலை இல்லை. காய் பொறுக்குவதும் இடிப்பதும் பெண்களும் பிள்ளைகளும் செய்த வேலை. கடலுக்குப் போகாத அவர்களுடைய உழைப்பு அந்தக் கறுப்பு நிறத்தில் இருந்தது. "கையெல்லாம் கறுப்பு. பள்ளிக்கூடத்தில கையை ஒளிச்சுக்கொண்டு இருப்பம்" என்றார்.

நைலோன் எப்போது வந்தது என்று கேட்டோம். ஆண்டு தெரியாது என்றார்; பின், "பெரும்புயல் அடிச்சதுக்கு முதல் வருசம் அப்பு கொண்டுவந்தவர். நான் பெரியபிள்ளையான வருசம்" என்றார். வடக்கைச் சிதைத்த புயல் 1964 டிசம்பரில் வீசியது. ஆகவே அவ்வீட்டில் நைலோன் நுழைந்தது 1963. அமெரிக்காவின் டியூபொன்ற் கொம்பனியில் கரோதர்ஸ் என்ற இரசாயனவியலார் 1935இல் ஆக்கிய இழை, 1938இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது; கால் நூற்றாண்டில் நந்திக்கடலுக்கு வந்து சேர்ந்தது. இலங்கையில் நைலோன் வலைகள் 1950களின் பிற்பகுதியிலிருந்து பரவியதாக அறிகின்றோம். ஆச்சியின் கணக்கு அதனோடு இசைகிறது. மாணவர் அதைப் பலகையில் எழுதினர்: கறுத்த வலை 1963க்கு முன், வெள்ளை வலை பின்.

இவ்வெற்றியால் துணிவுற்று, வலையின் அடிக்கயிற்றில் தொங்கிய குண்டுகளை நோக்கினோம். பெரும்பாலானவை ஈயம். இடையில் ஒன்று மட்டும் சுட்ட களிமண். நெல்லிக்காயளவு, நடுவில் துளை. சக்கரம் சேர்ப்போரின் விதி நம் நாவில் தயாராக இருந்தது: மண் முந்தியது, ஈயம் பிந்தியது, ஆகவே இது வலையின் மிகப் பழைய உறுப்பு, ஆச்சியின் தந்தையார் காலத்ததாக இருக்கலாம்.

ஆச்சி சிரித்தார்.

"அது தடைக்காலத்துக் குண்டு, தம்பி. நானே உருட்டி அடுப்பிலை சுட்டது."

நாம் வெட்கினோம். 1990இலிருந்து 2002 வரை வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்தது. எரிபொருள், சீமெந்து, பற்றரி முதலியவை வருவது தடுக்கப்பட்டது அல்லது அளந்து விடப்பட்டது. பழைய பற்றரிகளின் தகட்டை உருக்கியே குண்டு வார்ப்பது இங்கு வழக்கம். பற்றரி இல்லையேல் ஈயம் இல்லை. எண்ணெய் இல்லையேல் இயந்திரம் இல்லை. ஓடமும் சவளும் மீண்டன. ஆச்சியின் தாயார் உருட்டியதைப் பார்த்த கை, முப்பது ஆண்டு கழித்து அதே மண்ணை மீண்டும் உருட்டியது. நமது வகுப்பிலுள்ள சில பிள்ளைகளின் மூத்த சகோதரரைவிட அந்தக் குண்டுக்கு வயது குறைவு.

மரம், பித்தளை, எபனைற்று, அலுமினியம் என்று படிப்படியே ஏறிச் செல்லும் ஒழுங்கு, தொழிற்சாலையும் சந்தையும் தங்குதடையின்றி ஓடும் நாட்டில் பொருந்தும். ஒரு மக்கள் கூட்டத்தின் கையிலிருந்து ஈயம் பறிக்கப்படும்போது அவ்வேணி கீழ்நோக்கியும் இறங்குகிறது. அகழ்வாய்வாளர் ஒருவர் நாளை நந்திக்கடற் கரையில் தோண்டி இம்மண்குண்டைக் கண்டெடுப்பாராயின் அதை எந்நூற்றாண்டில் வைப்பார் என்று எண்ணிப் பார்த்தோம். மாந்தையில் அகழ்ந்தவற்றோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரையும் எழுதக்கூடும். அவரை நாம் பழிக்கவில்லை. ஆச்சியைக் கேட்டிராவிட்டால் நாமும் அதையே செய்திருப்போம். பலகையில் எழுதிய கறுத்த வலைக் கணக்கையும் அன்று அழித்துவிட்டு, 'இந்த வீட்டில்' என்று ஒரு சொல் சேர்த்துத் திரும்ப எழுதினோம். தடைக்காலத்தில் எங்கேனும் ஒருவர் பருத்தி நூலுக்கும் பனிச்சங்காய்க்கும் திரும்பியிருக்கலாம் அல்லவா?

பித்தளை நட்சத்திரம் இப்போது பாடசாலை அலுமாரியில் இருக்கிறது. மாணவனின் தந்தையார் அதைக் கிலோக் கணக்கில்தான் பேசினார். பித்தளை விலைக்கு வாங்கினோம். அதன் கீழே ஒட்டிய சீட்டில் 1883–1934 என்றும், நொட்டிங்ஹாம் முறை என்றும், விற்ற சங்கத்தின் பெயரும் உண்டு.

அதன் பக்கத்தில் மண்குண்டையும் வைக்க விரும்பி ஆச்சியிடம் கேட்டோம். சீட்டும் எழுதி வைத்திருந்தோம்: எந்த ஆண்டு, யார் செய்தது, ஏன் செய்தது என்று மூன்று வரி, 'செய்தவர்' என்ற இடத்தில் அவருடைய முழுப்பெயர். அவர் கழற்றித் தந்தார். இரண்டு கிழமை கழித்து, பாடசாலை வாசலில் வந்து நின்றார்.

"வலையில ஒரு குண்டு குறையுது, தம்பி. ஒரு பக்கம் தூக்குது. அதைத் தாங்கோ, ஈயம் கிடைச்சாப் பிறகு கொண்டுவாறன்."

எடுத்துக் கொடுத்தோம். சீட்டு மட்டும் அலுமாரியில் இருக்கிறது.